ஆளுக்கு ஒரு செடி

செடியை வேரோடு பிடுங்க வேண்டும் என்பது எங்கள் சங்கத்தின் முதல் சட்டம். இலையை மட்டும் கிள்ளிக்கொண்டு வருகிறவன் ஆடு, பூவை மட்டும் பறித்துக்கொண்டு வருகிறவன் புது மாப்பிள்ளை, வேர், தண்டு, இலை, பூ நாலையும் ஒன்றாகக் கொண்டு வருகிறவன்தான் ஆராய்ச்சிக்காரன் என்று எங்கள் தலைவர் சொல்வார். தலைவர் ஒரு வக்கீல். மயிலாப்பூரில் அவர் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடுவோம். மொத்தம் ஏழு பேர். மலைகளில் உள்ள செடிகொடிகளையும் பிராணிகளையும் ஆராய்வது எங்கள் நோக்கம். மயிலாப்பூரில் மலை கிடையாது. ஆகையால் வருஷத்தில் ஓரிரு தடவை ரயிலேறி மலைக்குப் போவதும், மிச்ச ஞாயிற்றுக்கிழமைகளில் அதைப் பற்றிப் பேசிக்கொண்டு பஜ்ஜி தின்பதுமாகச் சங்கம் நடந்துகொண்டிருந்தது.

நான் அதில் சேர்ந்ததற்குச் செடி காரணமில்லை. தொந்தி காரணம். சங்கத்தில் ஒரு டாக்டர் இருந்தார். ஒரு நாள் என் வயிற்றைத் தட்டிப் பார்த்தார். தவில்காரர் தவிலைத் தட்டிப் பார்ப்பது போல ரொம்ப அக்கறையாகத் தட்டினார். "ஓய், நீர் மலை ஏறணும். இல்லேன்னா நாலு பேர் உம்மைத் தூக்கிண்டு நடக்க வேண்டியிருக்கும். அந்த நாலு பேரை நினைச்சாத்தான் எனக்குப் பாவமா இருக்கு" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே சேர்ந்துவிட்டேன். பஜ்ஜி விஷயத்தை டாக்டர் முன்கூட்டிச் சொல்லவில்லை. சங்கத்தில் இருந்த வருஷங்களில் என் தொந்தி வளர்ந்ததே தவிரக் குறையவில்லை.

அப்போது நான் மாம்பலத்துப் பக்கம் ஏரியைத் தூர்த்து மனை பிரித்துப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த தியாகராய நகரில் குடியிருந்தேன். நரி ஊளையிடும். குளிக்கிற அறையில் சாரைப்பாம்பு எனக்கு முன்னால் போய் இடம் பிடித்திருக்கும். "மலைக்கு எதற்கு ரயில் சார்ஜ்? என் வீட்டில் கூட்டம் போடுங்கள், பிராணிகளே வந்து ஆஜராகும்" என்று சொல்லிப் பார்த்தேன். வக்கீல் அதைக் குறிப்பில் ஏற்றவில்லை.

எங்கள் ஏழு பேரில் உண்மையாகச் செடி தெரிந்தவர் ஒருவர்தான். பள்ளிக்கூடத்தில் சித்திரமும் இயற்கைப் பாடமும் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த வாத்தியார். எலும்பும் தோலுமான மனிதர். மலையில் எல்லாருக்கும் முன்னால் போய்விடுவார். பிறகு ஏதாவது ஒரு பாறையில் உட்கார்ந்து எனக்காகக் காத்திருப்பார். நான் ரயில் இன்ஜின் மாதிரி புஸ் புஸ்ஸென்று வந்து சேர்ந்ததும் "இங்கே ஒரு நிமிஷம் இதைப் பாரும்" என்று ஏதாவது ஒரு செடியைக் காட்டுவார். எனக்கு மூச்சு வாங்க அவகாசம் தருவதற்காகத்தான் அந்தச் செடி என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். எங்கள் சிநேகம் அப்படி வளர்ந்தது. என் ஹாஸ்யங்களுக்கு அவர் உடனே சிரிக்க மாட்டார். ஒரு பர்லாங்கு நடந்த பிறகு சிரிப்பார்.

ஒரு ஆவணி மாசம் ஜவ்வாது மலைக்குப் போனோம். ஜோலார்பேட்டையில் இறங்கி, மாட்டு வண்டி பிடித்து, அடிவாரத்திலிருந்து நடை. பாதையில் கரடியின் சாணம் கிடந்தது. அதைச் சுற்றி ஏழு பேரும் குந்தி உட்கார்ந்து, அது இன்று போட்டதா நேற்றுப் போட்டதா என்று விவாதம் செய்தோம். வக்கீல் ஒரு குச்சியால் கிளறி, நாவல் கொட்டை இருக்கிறது என்று கண்டுபிடித்தார். நான் மட்டும், கரடி திரும்பி வந்து தன் அபிப்பிராயத்தைச் சொல்லப் போகிறது என்று சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் மூட்டை தூக்கி வந்த மலைக்காரர்கள் எங்களைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. வேட்டி கட்டினவர்களும் காக்கி அரைக்கால் சட்டை போட்டவர்களுமாக ஏழு பெரிய மனிதர்கள் சாணியைச் சுற்றி உட்கார்ந்திருந்தால் யார்தான் பார்க்க மாட்டார்கள்?

மறுநாள் ஒரு ஓடையைப் பிடித்துக்கொண்டு மேலே போனபோது அந்தப் பாறைச் சுவர் வந்தது. ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு இருக்கும். மேலேயிருந்து தண்ணீர் கசிந்து சுவர் முழுக்க ஈரம், பாசி. வாத்தியார் வழக்கம் போல முன்னால் போயிருந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் உட்கார்ந்திருக்கவில்லை. நின்றுகொண்டிருந்தார். சுவரில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றார்.

"இதை நான் பார்த்ததில்லே" என்றார்.

"நானும்தான் பார்த்ததில்லை" என்றேன். நான் எதைத்தான் பார்த்திருக்கிறேன்?

"இல்லை ஓய். இதை நான் பார்த்ததில்லே." அதே வார்த்தைதான். ஆனால் குரல் வேறு.

சின்னச் செடி. இலைகள் பாறையோடு பாறையாகப் படுத்துக்கொண்டு, பூனைக் காது மாதிரி ரோமத்தோடு இருந்தன. நடுவிலிருந்து நூல் மாதிரி ஒரு காம்பு. அதன் நுனியில் கத்தரிப்பூ நிறத்தில், மூக்குத்தி அளவில் பூ. சுவரில் இங்கே ஒன்று, அங்கே ஒன்று, மேலே விளிம்பில் கொஞ்சம், கீழே தண்ணீர் சொட்டுகிற இடத்தில் கொஞ்சம். அவ்வளவுதான். பக்கத்துப் பாறைகளில் இல்லை.

அதற்குள் மற்ற ஐந்து பேரும் வந்துவிட்டார்கள். வாத்தியார் "இது புதுசா இருக்கலாம்" என்று சொன்னதுதான் தாமதம், எல்லோருக்கும் பேய் பிடித்துவிட்டது. பேனாக்கத்திகள் வெளியே வந்தன. சங்கத்தின் சட்டப்படி ஒவ்வொருவரும் தங்கள் சேகரத்துக்கென்று வேரோடு ஒரு முழுச் செடி எடுக்க வேண்டும். வெளியூர்ச் சங்கங்களுக்குப் பரிவர்த்தனையாக அனுப்ப ஒன்றிரண்டு கூட எடுத்துக்கொள்ளலாம். வக்கீல் மேலே சுற்றிப் போய் விளிம்பிலிருந்து எடுத்தார். டாக்டர் நடுவில். நான் கீழே, குப்புறப் படுத்துக்கொண்டு, தொந்தி பாறையில் அழுந்த, ஒரு கையால் பாசியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கத்தியைச் செருகி, அந்த வேரைப் பொட்டுச் சேதமில்லாமல் எடுத்தேன். "சபாஷ்! இவருக்கு இப்படி ஒரு கை இருக்குன்னு யாருக்குத் தெரியும்?" என்றார் டாக்டர். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இன்னொன்றும் எடுத்தேன்.

காட்டிலாகா பங்களாவில் சாயங்காலம் பத்திரிகைத் தாள்களுக்கு நடுவில் செடிகளை விரித்து, மூங்கில் சட்டங்களில் வைத்து வாரால் இறுக்கினோம். ஈரம் உறிஞ்சின தாளை அடிக்கடி மாற்ற வேண்டும். நானும் வாத்தியாரும் மாற்றிக்கொண்டிருந்தோம். மற்றவர்கள் காபிக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

"புதுசுன்னு ஆயிட்டா பேர் வைக்கணும்" என்றார் வாத்தியார்.

"என் பேரை மட்டும் வைக்காதேயும். அப்புறம் அந்தச் செடிக்குத் தொந்தி போட்டுடும்."

அவர் சிரிக்கவில்லை. ஒரு பர்லாங்கு நடந்த பிறகு சிரிப்பார் என்று விட்டுவிட்டேன். தாளை மாற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "குழந்தை பேரை வைக்கலாம்னு நினைக்கறேன்" என்றார்.

அவருக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது. ஒரே குழந்தை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் முன்பே விஷ ஜுரத்தில் போய்விட்டது. நான் சங்கத்தில் சேர்வதற்கு முந்தின வருஷம். நான் பார்த்ததில்லை. பார்த்தவர்கள் அவரிடம் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

"அவளைப் போட்டோ எடுக்கலே" என்றார். "நானே சித்திர வாத்தியார், ஒரு நாள் உட்கார வச்சு வரைஞ்சிருக்கலாம். அதுவும் செய்யலே. எங்கேயும் அவ பேர் எழுதியிருக்கலே. ஆத்துல நாங்க ரெண்டு பேரும் சொல்றதோட சரி. இப்போல்லாம் ஆத்துக்காரியும் சொல்றதில்லே, நானும் சொல்றதில்லே. ஒரு செடிக்கு வச்சுட்டா, அப்புறம் யாராவது எங்கேயாவது சொல்லிண்டே இருப்பா."

உலர்ந்த தாள் ஒன்றை எடுத்து அவரிடம் நீட்டினேன். என்னிடம் இருந்த சரக்கு எல்லாம் ஹாஸ்யம்தான். வேறு ஒன்றும் நான் சேர்த்து வைத்திருக்கவில்லை.

அந்தக் குழந்தையின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அது அச்சில் வரவேண்டிய இடம் வேறு.

சென்ட்ரலில் இறங்கியபோது சட்டங்களைக் கட்டின மூட்டையை நான் மடியில் வைத்துக்கொண்டு ஜட்காவில் ஏறினேன். வண்டிக்காரன் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

"இன்னா சாமி அது, அப்பளக் கட்டு மாதிரி கீது?"

"செடி அப்பா."

"செடியா? நட்டு வைக்கவா?"

"இல்லை. காய வைக்க."

அவன் கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே ஓட்டினான். "மலை மேலே போய் உசிரோட கீறதைப் புடுங்கினு வந்து, இங்க காயப் போடுவீங்களா? நல்லாக்கீது சாமி உங்க வேலை" என்றான். நானும் வாத்தியாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அன்றைக்கு அவர் உடனே சிரித்தார்.

செடி புதிதா இல்லையா என்று சொல்லக்கூடியவர் கோயம்புத்தூரில் இருந்தார். சர்க்காரில் பெரிய தாவர ஆராய்ச்சிக்காரர். அவர் சொன்னால் சீமையில் கேட்பார்கள். வக்கீலுக்குத் தூரத்து உறவு. தை மாசம் ஒரு கல்யாணத்துக்காக மயிலாப்பூருக்கு வந்தார். மாட வீதியில் கல்யாண வீடு. நானும் வாத்தியாரும் வக்கீலும் டாக்டரும், அழைப்பில்லாத நாலு பேர், கையில் செடி ஒட்டின தாள்களோடு போய் நின்றோம். பெண் வீட்டார் எங்களைப் பிள்ளை வீட்டார் என்று நினைத்துச் சந்தனம் கொடுத்தார்கள். பிள்ளை வீட்டார் எங்களைப் பெண் வீட்டார் என்று நினைத்துக் கல்கண்டு இல்லை என்று குறை சொன்னார்கள்.

மாடியில் பாய்களும் ஜமக்காளங்களும் குவித்திருந்த ஒரு அறையில் அவர் உட்கார்ந்தார். மார்பில் சந்தனம் காயவில்லை. இடுப்பிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். கீழே நாயனம் அலறியது. அவர் தாளை ஜன்னல் பக்கம் திருப்பி ரொம்ப நேரம் பார்த்தார். வாத்தியாருக்கு உதடு காய்ந்துவிட்டது. நாக்கால் தடவிக்கொண்டே இருந்தார்.

"எங்கே ஓய் எடுத்தேள்?"

சொன்னோம்.

"பேஷ். எனக்கென்னமோ இது புதுசுன்னுதான் தோண்றது." வாத்தியார் என் முழங்கையைப் பிடித்தார். எலும்பு முறியும்படி பிடித்தார். "காய் எங்கே?"

"பூ இருக்கே அண்ணா" என்றார் வக்கீல்.

"பூ இருக்கறதை நானும் பார்த்தேன். இந்தக் குடும்பத்துலே பூவை வச்சுண்டு ஒண்ணும் தீர்மானம் பண்ண முடியாது. காய் முறுக்கிண்டிருந்தா ஒரு ஜாதி, நேரா இருந்தா இன்னொரு ஜாதி. அது தெரியாம நான் பேர் வச்சு அச்சிட்டா சீமையிலே சிரிப்பா. அடுத்த தடவை போறச்சே காயோட கொண்டு வாங்கோ. அங்கே நிறைய விட்டுட்டுத்தானே வந்திருக்கேள்?"

கீழே கெட்டிமேளம் கொட்டினார்கள்.

வக்கீல் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் வாத்தியாரைப் பார்த்தேன். வாத்தியார் ஒருவரையும் பார்க்கவில்லை.

"நான் மேலே விளிம்புலே இருந்ததை எடுத்தேன்" என்றார் வக்கீல். "கீழே நிறைய இருந்துதே."

"கீழே இவர் இருந்தார்" என்று டாக்டர் என்னைக் காட்டினார். "நடுவுலே நான் எடுத்தேன். மேலே நீங்க மிச்சம் வச்சிருப்பேள்னு."

"நான் நடுவில் நீங்கள் வைத்திருப்பீர்கள் என்று..." என்றேன் நான்.

பெரியவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அவர் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. தாளை வாத்தியார் கையில் கொடுத்தார். "இந்தப் பூக்களிலே ஏதாவது ஒண்ணு கொஞ்சம் முத்தினதா இருந்து, உள்ளே பிஞ்சு முறுக்க ஆரம்பிச்சிருந்தாக்கூடப் போதும். வெந்நீர்லே ஊற வச்சுக் கீறிப் பார்க்கலாம். ஆனா கீறின செடி போனதுதான். அதனாலே முதல்லே மலைக்குப் போய்ப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டு, ஆசீர்வாதம் செய்யக் கீழே போனார்.

வீட்டுக்குத் திரும்பும்போது குளக்கரையில் வக்கீல் எங்களை நிற்க வைத்துக் குறுக்கு விசாரணை செய்தார். யார் எங்கே நின்றது, யார் எத்தனை எடுத்தது, கடைசியாகச் சுவரைத் திரும்பிப் பார்த்தது யார். யாருமே திரும்பிப் பார்த்திருக்கவில்லை. எல்லோரும் கையிலிருந்ததைப் பார்த்துக்கொண்டு இறங்கியிருந்தோம். அவர் தன்னையும் விசாரித்துக்கொண்டார். எதிரி, சாட்சி, வக்கீல் எல்லாம் அவரே. பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்தவள் கூடையை நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

அடுத்த ஆவணியில் ஏழு பேரும் போனோம். சுவர் இருந்தது. ஈரம் இருந்தது. பாசி இருந்தது. வேர் எடுத்த இடங்களில் பாசி மூடி, அங்கே ஒன்று இருந்தது என்பதற்கு அடையாளம்கூட இல்லை. எங்கள் வேலை அவ்வளவு சுத்தம். வாத்தியார் சுவர் முழுவதையும் விரலால் தடவினார். அந்த ஓடையில் எத்தனை பாறை உண்டோ அத்தனையும் பார்த்தோம். பக்கத்து ஓடைகளையும் பார்த்தோம். மலை அணில் ஒன்று மரக்கிளையிலிருந்து எங்களைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தது. வேறு வருஷமாக இருந்தால் அதைப் பற்றி நாலு ஞாயிற்றுக்கிழமை பேசியிருப்போம்.

காய்க்கிற காலம் என்று கார்த்திகையில் மறுபடியும் போனோம். நாலு பேர்தான் வந்தார்கள். அதற்கடுத்த ஆவணிக்கு மூன்று பேர். பிறகு நானும் வாத்தியாரும் மட்டும்.

ஒரு தடவை திரும்பும்போது வாத்தியார் சுவரடி மண்ணை ஒரு துணியில் முடிந்து கொண்டுவந்தார். விதை ஏதாவது விழுந்து கிடக்கலாம் என்று நம்பிக்கை. மயிலாப்பூரில் ஒரு சந்தில், நாலு குடித்தனம் இருக்கிற வீட்டில் பின்கட்டில் அவர் குடியிருந்தார். முற்றத்து மூலையில் வெயில் படாத இடத்தில் சட்டியில் அந்த மண்ணை வைத்து, அதன்மேல் ஈரச் சாக்குப் போட்டு, சித்திரை வெயிலில் வேளாவேளைக்கு ஜலம் தெளித்தார். ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து நேரே என் ஆபீசுக்கு ஓடி வந்தார். முளைத்துவிட்டது! ரோமத்தோடு இரண்டு இலை! நான் வக்கீலுக்கும் டாக்டருக்கும் சொல்லியனுப்பினேன். அன்று சாயங்காலம் அந்தச் சந்து வீட்டு முற்றத்தில் பூதக்கண்ணாடியோடு குந்தி உட்கார்ந்தோம். ரோமம் இருந்தது. எல்லோரும் ஒப்புக்கொண்டோம். டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வாத்தியாரின் மனைவி சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் மன்னி என்று கூப்பிடுவேன். எங்கள் சங்கத்தைப் பற்றி அவர் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லிக் கேட்டதில்லை.

"எல்லாருமா என்ன பார்த்துண்டிருக்கேள்?" என்றார்.

"முளைச்சிருக்கு" என்றார் வாத்தியார்.

மன்னி வந்து குனிந்து பார்த்தார். "கத்தரிக்காய் நறுக்கின ஜலத்தை ஒரு மாசமா அங்கேதான் கொட்டறேன்" என்றார். சொல்லிவிட்டு, எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். "காபி கலக்கட்டுமா?" என்று கேட்டார். முதல் தடவையாக எங்களுக்கு அந்த வீட்டில் காபி கிடைத்தது. ஒருவர் தொண்டையிலும் இறங்கவில்லை.

அது கத்தரிச் செடிதான். வளர்ந்து காய்த்தது. வாத்தியார் அதைப் பிடுங்க விடவில்லை.

அதற்குப் பிறகுதான் அவர் தாள்களைக் கேட்க ஆரம்பித்தார். முதலில் தன்னுடையதை வெந்நீரில் ஊற வைத்துச் சவரக் கத்தியால் கீறிப் பார்த்தார். பூவுக்குள் பிஞ்சு குண்டூசித் தலை அளவுகூட இல்லை. வெளியூர்ச் சங்கங்களுக்கென்று எடுத்து வைத்திருந்தவையும் அப்படித்தான். பிறகு டாக்டருடையது. அதைப் பாதி பூச்சி தின்றிருந்தது. மிச்சப் பாதியில் ஒன்றுமில்லை. சங்கத்தை விட்டு நின்றுபோன மூன்று பேர் வீட்டுக்கும் நடந்தார். ஒருவர் அடையாற்றில் இருந்தார். அவர் தேடிக் கொடுத்ததில் செடியைவிட உப்புக் காற்றின் பூஞ்சணம் அதிகம். மற்ற இருவருடையதிலும் பிஞ்சு இல்லை. வக்கீல் தன்னுடையதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாடியில் மாட்டியிருந்தார். "இது இனிமே உலகத்துலே இருக்கோ இல்லையோ தெரியாது ஓய். இதையும் கீறிட்டா அப்புறம் என்ன மிச்சம்?" என்றார். வாத்தியார் சட்டத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். வக்கீல் வழக்கில் தோற்ற மாதிரி நாற்காலியில் ஏறிச் சட்டத்தை இறக்கிக் கொடுத்தார். சுவரில் ஆணி மட்டும் நின்றது. அதிலும் ஒன்றுமில்லை. நாங்கள் புதுப்பூவாகப் பார்த்துப் பார்த்து எடுத்திருந்தோம். வாடினது, உதிர்ந்தது எங்கள் கண்ணில் பட்டிருந்தால் தாளுக்கு அழகில்லை என்று தள்ளியிருப்போம்.

கடைசியில் என்னுடையது. என் இரண்டு செடிகளையும் ஒரே தாளில் ஒட்டி வைத்திருந்தேன். டாக்டர் சபாஷ் சொன்ன அந்த வேர் அப்படியே இருந்தது. வாத்தியார் என்னைக் கேட்கவே இல்லை. என் வீட்டுக்கு வந்தார், போனார், ஏரிக் காற்றைப் பற்றிப் பேசினார், கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் நான் ஏதாவது ஹாஸ்யம் சொல்லி மறுத்திருப்பேன் என்று நினைக்கிறேன். கேட்காதவரிடம் எப்படி மறுப்பது? ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நானே எடுத்துக்கொண்டு போனேன்.

மன்னி அடுப்பில் வெந்நீர் வைத்துக் கொண்டுவந்து கீழே வைத்தார். வைத்துவிட்டுப் போகவில்லை. "நான் இதைப் பார்த்ததே இல்லை" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷமாகச் செடி, செடி என்று அந்த வீட்டில் வேறு பேச்சில்லை. அவருக்கு யாரும் அதைக் காட்டவில்லை. பூச்சி அரிக்காமல் இருக்க விஷ மருந்து பூசியிருக்கிறோம், சமைக்கிறவர்கள் தொடக்கூடாது என்று வாத்தியார் தாள்களை எல்லாம் பரண் மேல் வைத்திருந்தாராம்.

தாளை மன்னி பக்கம் திருப்பி வைத்தேன். அவர் உட்கார்ந்து பார்த்தார். கத்தரிப்பூ நிறமெல்லாம் எப்போதோ போய்விட்டது. பழுப்பு. ஊறுகாய் ஜாடியில் கட்டின துணியின் நிறம்.

"இவ்வளவுதானா?" என்றார்.

"உயிரோட இருக்கறச்சே நன்னா இருந்தது மன்னி" என்றேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் அதைக் கவனிக்கவில்லை, அல்லது கவனிக்காத மாதிரி இருந்தார். "இதுக்கா அவ பேரு?" என்று கணவரிடம் கேட்டார்.

"ஆமாம்."

"வச்சா எல்லாரும் சொல்வாளா?"

"புஸ்தகத்துலே போடுவா. படிக்கறவா சொல்வா."

மன்னி தாளின் மேல் இன்னும் கொஞ்சம் குனிந்தார். பிறகு அந்தப் பெயரைச் சொன்னார். கூப்பிடுகிற மாதிரி இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் பெயரைச் சரிதானா என்று சொல்லிப் பார்க்கிற மாதிரி. நான் அந்தப் பெயரைக் குழந்தையின் தாயார் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை. "சரி, பாருங்கோ" என்றார்.

வாத்தியார் முதல் செடியை வெந்நீரில் போட்டார். ஊறி இலை விரிந்தபோது ரோமம் எழுந்து நின்றது. ஒரு கணம் பாறையில் இருந்த மாதிரியே இருந்தது. கத்தியால் பூவைக் கீறினார். பூதக்கண்ணாடியில் பார்த்தார். கண்ணாடியை வைத்துவிட்டு இரண்டாவதைப் போட்டார். அதையும் கீறினார். அதில் கொஞ்சம் பெரிய பிஞ்சு இருந்தது. ஒரு எள் இருக்கும். கண்ணாடியை என்னிடம் கொடுத்தார். எனக்கு என்ன தெரியும்? பழுப்பாக ஒரு பொட்டு தெரிந்தது.

"எந்தப் பக்கமா முறுக்கியிருக்கு?" என்று மன்னி கேட்டார். அவருக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது.

"முறுக்கலே" என்றார் வாத்தியார்.

"அப்போ நேராவா?"

"நேரான்னும் சொல்ல முடியாது. இன்னும் ஆரம்பிக்கவே இல்லே."

மன்னி அந்த வெந்நீர்க் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஆரம்பிக்கறதுக்குள்ளே பறிச்சுட்டேள்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. யாரைச் சொன்னார் என்றும் தெரியவில்லை. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார். சாக்கடையில் கொட்டுகிற சத்தம் கேட்டது.

வாத்தியார் கத்தியைத் துடைத்தார். வெறும் தாளில் பசை ஒட்டின தடம் மட்டும் செடியின் வடிவத்தில் மினுமினுத்தது. அதை அவர் கசக்கவும் இல்லை, மடிக்கவும் இல்லை. என்னிடமே திருப்பிக் கொடுத்தார். எத்தனையோ வீடுகளில் எழவு விசாரிக்கப் போயும் நான் ஏதாவது சொல்லி யாரையாவது சிரிக்க வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். அன்றைக்கு எனக்கு ஒன்றும் வரவில்லை. வந்திருந்தாலும் அந்த மனிதர் ஒரு பர்லாங்கு நடக்கிற நிலையில் இல்லை.

வாசல் வரைக்கும் கூட வந்தார்.

"ஆவணிக்கு ஆபீசிலே லீவு சொல்லி வைக்கறேளா?" என்றார்.

உள்ளே மன்னி பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது. எனக்குக் காய் என்று ஒன்று இனிமேல் எந்த மலையிலும் கிடையாது என்று தெரியும். அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

"சொல்லி வைக்கறேன்" என்றேன்.

போனோம். அதற்கடுத்த வருஷமும் போனோம். சுவர் ஈரமாகத்தான் இருந்தது.